எட்டுக்கு முப்பத்தொன்பது

தாம்பரத்துக்கு மேற்கே வீடு வைத்திருப்பவர்கள் இரண்டு வகை. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் ஒரு வகை. பார்க்காமல் மனை வாங்கியவர்கள் இன்னொரு வகை. ஐப்பசி பிறந்தால் முதல் வகை ஆசாமிகளுக்குத் தூக்கம் போய்விடும். சிலர் வீட்டையே ஜாக்கி போட்டுத் தூக்குகிறார்கள். முடிச்சூர் நண்பர் ஒருவர் ஜீப்பைத் தூக்கினார்.

பழைய டீசல் ஜீப், ஃபோர் வீல் டிரைவ். ஸ்பிரிங்கை உயர்த்தி, 29 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 33 அங்குலம் மாட்டினார். தெருவே வேடிக்கை பார்த்தது. அவர் மனைவி மட்டும் "ஏறுறதுக்கு ஏணி எங்கே?" என்று கேட்டார். மறுநாள் பெருங்களத்தூர் மேம்பாலம். மூன்றாவது கியரில் ஏறின வண்டி இரண்டாவதிலேயே முனகியது. மெக்கானிக் பார்த்துவிட்டு, "கிரௌன் பினியனை மாத்தணும் சார். முன்னாலயும், பின்னாலயும்" என்றார்.

நான் பி.காம். ரேஷியோ என்றால் கரன்ட் ரேஷியோதான் தெரியும். ஆனால் இது அதைவிடச் சுலபம். இன்ஜின் பக்கமிருந்து வரும் தண்டின் நுனியில் பினியன், 8 பல். அது சுற்றுகிற பெரிய சக்கரம் கிரௌன், 39 பல். வகுத்தால் 4.88. அதாவது தண்டு ஏறக்குறைய ஐந்து சுற்றுக்கு டயர் ஒரு சுற்று. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ராணுவ ஜீப்புக்கு இதே கணக்கு. 1945-ல் விவசாயிகளை நம்பி சிஜே-2ஏ ஜீப் வந்தபோது, ஏர் இழுக்கத் தெம்பு வேண்டுமே என்று கிரௌனில் 43 பல். கணக்கு 5.38. வேகம் கொஞ்சம் போச்சு, இழுவை வந்தது.

டயர் பெரிதானால் இதற்கு நேர் எதிர். 4.88 என்பது நடைமுறையில் 4.29 மாதிரி ஆகிவிடும். பழைய இழுவை வேண்டுமானால் 5.55 வேண்டும், அதற்குப் பக்கத்தில் இருப்பது 5.38. போதாக்குறைக்கு, ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி 68-ல் ஓடும். ஜி.எஸ்.டி. ரோட்டில் அந்த எட்டு கிலோமீட்டர் போதும், முன்னால் போகிற பஸ்ஸை முத்தமிட. பிரேக்கோ அதே பழைய பிரேக்!

"பின்னால மட்டும் மாத்தினா பாதி செலவுதானே?" என்றார் நண்பர். கூடாது சாமி! முன்னால் ஒரு கணக்கு, பின்னால் ஒரு கணக்கு என்றால், தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்ட மாத்திரத்தில் இரண்டும் மல்லுக்கு நின்று பல்லை உடைத்துக்கொள்ளும். ஒரே லெட்ஜரை இரண்டு கணக்குப்பிள்ளைகள் எழுதின மாதிரி. மாட்டுவதும் லேசில்லை. பல்லில் மை தடவிச் சுற்றி, தடம் நடுவில் விழுகிறதா என்று பார்த்து, ஷிம் தகடு வைத்து, மயிரிழை இடைவெளி விடவேண்டும். தப்பினால் வண்டி ஊளையிடும்.

சட்டமும் சும்மா இல்லை. கம்பெனி ஸ்பெசிஃபிகேஷனுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் ஒரு கேரள வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. அதே வருடம் வந்த திருத்தத்தின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். நண்பர் விரல் விட்டு எண்ணினார். டயர், ஸ்பிரிங் இரண்டையும் பழையபடி மாற்றிவிட்டார்.

சரி, வெள்ளம்? ஸ்பிரிங்கைத் தூக்கினால் பாடி உயரும், இன்ஜினின் காற்றுக் குழாயும் உயரும். டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். 33 அங்குல டயர் அதை உயர்த்துவது இரண்டே அங்குலம். முழங்கால் தண்ணீரில் எப்படியும் முங்கும். சூடான ஹவுசிங் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் துவாரம் வழியே தண்ணீரை உறிஞ்சும். கியர் ஆயில் பால் காபி நிறமாகும். அப்புறம் பேரிங் போகும். இதற்கு மருந்து, பிரீதரில் ஒரு ரப்பர் டியூப் மாட்டி பானெட் உயரத்தில் கட்டுவது. அவ்வளவுதான்.

ஜீப் வைத்திருக்கும் தென் சென்னை அன்பர்களே, ஐப்பசிக்கு முன்னால் அந்த டியூபை மாட்டிவிடுங்கள். தண்ணீரில் இறங்கி வந்திருந்தால் ஆயிலைத் திறந்து நிறம் பாருங்கள். அடையாற்றுக்கு 4.88-ம் ஒன்றுதான், 5.38-ம் ஒன்றுதான்.