இயற்கை வைத்தியமும் உப்பளத் தொழிலாளியும்

இயற்கை வைத்தியம் என்பதைப் பற்றி நம்மவர்களுக்குள் இரண்டுவித அபிப்பிராயங்கள் இருந்து வருகின்றன. சிலர் பெயரைக் கேட்டவுடனே, "இதுவும் மந்திரம் மாயந்தானே" என்று தள்ளிவிடுகின்றார்கள். வேறு சிலரோ, தாயத்தையும் விபூதியையும் விட்டொழித்து வந்த பிறகு, அவை இருந்த இடத்தில் இயற்கையைக் கொண்டுவந்து உட்கார வைத்து, அதற்குக் கற்பூரம் கொளுத்தாத குறையாக நடந்து கொள்ளுகின்றார்கள். இந்த இரண்டாவது கூட்டத்தில் நாமும் சில காலம் இருந்தோம். அதனாலேயே இதை எழுத நேர்ந்தது.

இயற்கை வைத்தியமாவது, மருந்து என்னும் பெயரால் எதையும் உள்ளே செலுத்தாமல் உணவு, தண்ணீர், காற்று, வெயில், மண், பட்டினி, ஓய்வு ஆகியவைகளைக் கொண்டே வியாதியைப் போக்குவதாகும். இது ஆதியில் நமது ரிஷிகள் ஞானதிருஷ்டியால் கண்டது என்று பேசுகின்றவர்கள் உண்டு. ஆனால் இன்று இந்தப் பெயரால் நடக்கும் முறைகளில் பெரும்பாலானவை ஜர்மன் பாஷை பேசும் தேசங்களிலிருந்து வந்தவையேயாகும். பிரீஸ்னிட்ஸ் என்ற ஒரு குடியானவர் குளிர்ந்த நீரைக் கொண்டு வைத்தியம் செய்தார். நைப் என்ற பாதிரியார் அதையே பெருக்கினார். லூயி கூனே என்பவர் 1883ல் லீப்சிக் நகரில் வைத்தியசாலை திறந்து, இடுப்புக் குளியலைப் பரப்பினார். காந்தியார் இவர்களைப் படித்து மயங்கி, 1946ல் பூனாவுக்கு அருகில் உருளிகாஞ்சனில் இயற்கை வைத்திய நிலையம் ஏற்படுத்தினார். நமது திருநெல்வேலிச் சீமையிலேயே சிவசைலத்தில் மூ. இராமகிருஷ்ணன் அவர்கள் நல்வாழ்வு ஆசிரமம் அமைத்து, சமைக்காத உணவுக்காக வெகுகாலம் பிரசாரம் செய்தார். சென்னை அரும்பாக்கத்தில் 2000ம் ஆண்டில் சர்க்காரே இதற்கு ஒரு கல்லூரி திறந்து, ஐந்தரை வருஷப் படிப்பு வைத்து நடத்தி வருகின்றது.

இதில் நன்மை இல்லையா என்றால், உண்டு. மூன்று வேளையும் வெள்ளைச் சோறும், இடையிடையே சீனி போட்ட தேயிலைத் தண்ணீரும், மாலையில் எண்ணெய்ப் பலகாரமும் என்று வளர்ந்துவிட்ட வயிற்றுக்கு, காய்கறியும் பழமும் கீரையும் நடையும் கொடுத்தால் இரத்தக் கொதிப்புக் குறைகின்றது. நடுவயதில் வரும் சர்க்கரை வியாதியில், உடம்பின் பருமன் குறையக் குறைய, டாக்டரே மாத்திரையைக் குறைக்கும் நிலைமையும் பலருக்கு வருகின்றது. மலச்சிக்கலுக்கு மருந்துக்கடைக்கு ஓடுவதைவிட முருங்கைக்கீரை மேலானது. இதிலெல்லாம் நமக்கு ஆட்சேபணை இல்லை.

ஆட்சேபணை எங்கே என்றால், கூனே சொன்ன மூலக்கொள்கையில்தான். வியாதிகள் எல்லாம் ஒன்றே, உடம்பில் சேர்ந்த கழிவுகளே அதற்குக் காரணம், ஆதலால் வைத்தியமும் ஒன்றே என்பது அவர் கட்சி. அவர் கடை திறந்த அதே 1883ல், அதே ஜர்மானியரான ராபர்ட் காக் என்பவர் எகிப்துக்குச் சென்று, மறு வருஷம் கல்கத்தாவிலும் ஆராய்ந்து, காலராவுக்குக் காரணம் இன்ன கிருமி என்று காட்டினார். ஒருவர் எல்லாம் ஒன்று என்றார். மற்றவர் ஒவ்வொன்றும் வேறு என்று பூதக்கண்ணாடியில் காட்டினார். யாருடைய பேச்சால் உயிர் பிழைத்தது என்பதை நமது கடற்கரையையே கேட்கலாம்.

முத்துச் சலாபக் காலத்தில் மன்னார்க் குடாக் கடலின் இருகரையிலும் ஆயிரக்கணக்கான ஜனங்கள் கூடாரம் போட்டு இருந்தார்கள். சுத்தமான காற்று, சூரிய வெளிச்சம், கடல் ஸ்நானம் எல்லாம் இலவசம். ஆனால் மலைபோல் அழுகும் சிப்பிக் குவியலும், ஈயும், கெட்ட தண்ணீரும் கூடவே இருந்தன. காலராவும் வந்தது. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதாகச் சொன்ன கடற்கட்டிக்கு அக்காலத்தில் சிப்பியில் பங்கு கொடுக்கப்பட்டது. சர்க்காரும் அவரை அங்கீகரித்திருந்தது. அவரும் காலராவின் வாயைக் கட்டவில்லை. பத்து மீட்டர் ஆழத்தில் இரட்டிப்பாகும் தண்ணீர் அழுத்தத்தையும் கட்டவில்லை. செவிப்பறை கிழிந்தவனுக்குக் கிழிந்ததுதான். (எடுத்த முத்தைச் சுட்டுப் பற்பமாக்கித் தின்ற பிரபுக்களும் இருந்தார்கள். முத்தில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்டேயாகும்.) தூத்துக்குடியில் 1961க்குப் பிறகு அப்படிப்பட்ட சலாபம் நடக்கவில்லை.

காலராவை வென்றது குழாய்த் தண்ணீரும், பிற்பாடு வந்த உப்புச் சர்க்கரைக் கரைசலுமாகும். 1971ல் வங்காள அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் இக்கரைசலைக் கொடுத்தே ஏராளமானவர்களைக் காப்பாற்றினார். இயற்கை வைத்தியர்களில் சிலர் விஷம் என்று ஒதுக்குகின்ற அதே உப்பு! நாளொன்றுக்கு 5 கிராமுக்குமேல் உப்பு வேண்டாம் என்று உலக சுகாதார ஸ்தாபனமே சொல்லுகின்றது, நாம் அதைவிட மிகுதியாகவே தின்கின்றோம், குறைக்க வேண்டியதுதான். ஆனால் பேதியில் கிடக்கும் குழந்தைக்கு உப்பையும் சர்க்கரையையும் மறுத்துப் பட்டினி போடுவது கொலைக்குச் சமானமாகும்.

நிற்க. உப்பு என்றதும் நமது உப்பளம் ஞாபகத்துக்கு வருகின்றது. இயற்கை வைத்தியர் பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கிற சிகிச்சைகளில், நமது உப்பளத் தொழிலாளி அனுபவிக்காதது எது? சூரிய ஸ்நானம் விடியற்காலை தொடங்கி வேண்டியமட்டும் கிடைக்கின்றது. மண் சிகிச்சையும் உப்புநீர்ச் சிகிச்சையும் முழங்கால் வரைக்கும் கிடைக்கின்றது. மழைக்காலத்தில் வேலை நின்றால் உபவாசமும் கிடைத்துவிடும். அப்படியானால் அவனல்லவா நூறு வயது வாழ வேண்டும்? அவன் காலிலோ வெடிப்பும் புண்ணும், கண்ணிலோ வெள்ளை உப்பின் கூச்சமும் எரிச்சலும். பெண்கள் ஒதுங்க மறைவிடம் இல்லாத காரணத்தால் தண்ணீர் குடிக்காமலே வேலை செய்து நோயை வாங்கிக் கொள்ளுகின்றார்கள். இவர்களுக்கு வேண்டியது ரப்பர் பூட்சும், கறுப்புக் கண்ணாடியும், குடிதண்ணீரும், கக்கூசும், கூலியுமா? அல்லது இயற்கையோடு இணைந்து வாழுங்கள் என்ற உபதேசமா?

இனி நம் சொந்தக் கதை. சில வருஷங்களுக்கு முன் முத்தையாபுரம் பக்கம் ஒரு கூட்டத்தில் பேசும்போது, கைதட்டலுக்கு ஆசைப்பட்டு, "தாயத்தும் ஒன்றுதான், மருந்துப் புட்டியும் ஒன்றுதான், இரண்டையும் தூக்கி எறியுங்கள்" என்று பேசிவிட்டோம். கேட்டவர்களில் ஒருவருக்கு 11 வயதில் ஒரு பையன். உடம்பு இன்சுலினைச் சுரக்காமல் போகிற சர்க்கரை வியாதி அவனுக்கு. தினம் ஊசி. தகப்பனார் ஏற்கனவே ஓர் இயற்கை வைத்தியரிடம் போய் வந்துகொண்டிருந்தார். நமது பேச்சு அவருக்குத் துணிவு கொடுத்துவிட்டது. ஊசியை நிறுத்தி, பதநீரும் பழச்சாறும் கொடுத்தார். மூன்றாம் நாள் வாந்தி, வேகமான மூச்சு, பிறகு நினைவே இல்லை. அண்டை வீட்டார் பையனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்றதால் பிழைத்தான்.

1922ல் கானடா தேசத்தில் முதன்முதலாக இன்சுலின் ஊசி போடுவதற்கு முன், இவ்வியாதி கண்ட பிள்ளைகளுக்கு இருந்த வைத்தியம் பட்டினி ஒன்றே. எலும்பும் தோலுமாகி, சில மாதமோ ஒன்றிரண்டு வருஷமோ கழித்து அவர்கள் செத்தார்கள். அந்தப் பட்டினியைவிடச் சுத்தமான இயற்கை வைத்தியம் வேறு என்ன இருக்க முடியும்? காந்தியாரே 1924ல் குடல்வால் வியாதி வந்தபோது பூனா ஸாஸூன் ஆஸ்பத்திரியில் கர்னல் மாடக் கையால் ஆபரேஷன் செய்துகொண்டார். அதற்காக நாம் அவரைக் குறை கூறவில்லை, செய்துகொண்டது சரியே. உருளிகாஞ்சனைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேசவேண்டாமா என்றுதான் கேட்கின்றோம்.

பையனை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தோம். தகப்பனார் நம்மை ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார். "ஐயா, ஊசி மருந்தை ஐஸில் வைக்கவேண்டுமாமே, எங்கள் வீட்டில் வசதியில்லையே, என்ன செய்ய?" என்று கேட்டார். அதற்குத் தெரு மூலையில் உள்ள மீன் வியாபாரியைப் பிடித்து ஓர் ஏற்பாடு செய்துவிட்டு வந்தோம். அடுத்த கூட்டத்தில், அதே மேடையில், அன்று பேசியது தப்பு என்று சொன்னோம். அன்றைக்குக் கைதட்டல் அவ்வளவாக இல்லை.