வெள்ளி மாலையில் வீடு திரும்பிய உளவுத் தலைவர்

இன்றைய இளைஞர்களிடம் 'மிஷன் இம்பாசிபிள்' என்றால் டாம் குரூஸின் பெயரைத்தான் சொல்வார்கள். 1996 முதல் 2025 வரை வெளிவந்த எட்டுத் திரைப்படங்களும் வானளாவிய கட்டடங்களில் தாவும் அவரையே சுற்றி வருபவை. ஆனால் அவற்றின் மூலமான தொலைக்காட்சித் தொடர் முற்றிலும் வேறு குணம் உடையது. புரூஸ் கெல்லர் உருவாக்கிய அத்தொடர், அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1966 செப்டம்பர் 17 அன்று தொடங்கி, 1973 வரை 171 பகுதிகளாக ஒளிபரப்பானது.

தீக்குச்சி உரசப்படும், திரி எரியும், லாலோ ஷிஃப்ரினின் ஐந்து தட்டு இசை ஒலிக்கும். குழுத் தலைவர் எங்கோ ஒளித்து வைக்கப்பட்ட ஒலிநாடாவைக் கேட்பார். பிடிபட்டாலும் கொல்லப்பட்டாலும் அரசு உங்களை அறிந்ததாகக் காட்டிக்கொள்ளாது என்று எச்சரித்துவிட்டு, அந்நாடா புகைந்து அழிந்துபோகும். அதன்பின் நடப்பதுதான் அத்தொடரின் தனிச்சிறப்பு. உரையாடல் இன்றி நிமிடக்கணக்கில் வேலை நடக்கும். ஒருவர் சுவரைத் துளைப்பார். ஒருவர் மாறுவேடம் புனைவார். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்பார். அவர்களுடைய வீடு, குடும்பம் பற்றி ஏறத்தாழ எதுவுமே சொல்லப்படுவதில்லை. நாயகன் என்று எவருமில்லை, வேலைதான் நாயகன்! மின்னணு வல்லுநர் பார்னி கோலியராக நடித்த கிரெக் மாரிஸ் கறுப்பினத்தவர். அத்தகைய வேடங்கள் அவ்வினத்தாருக்கு அரிதாகவே கிட்டிய நாட்கள் அவை.

பிற நாடுகளில் புகுந்து ஏமாற்றுவதே பெரும்பாலும் அவர்களுடைய பணி. அதனை நியாயமென்று ஏற்க நம் மனம் ஒப்பவில்லை. ஆயினும் தம் பெயர் வெளிப்படாமலே கடமை ஆற்றும் அவ்வடக்கம், அரை நூற்றாண்டு கடந்தும் நம்மை ஈர்க்கிறது.

திரைக்குப் பின்னும் அத்தகைய ஒருவர் இருந்தார். முதற்பருவத்தில் தலைவர் டான் பிரிக்ஸாக நடித்த ஸ்டீவன் ஹில், மார்க்கப் பற்று மிக்க யூதர். சனிக்கிழமை ஓய்வுநாளைப் பேணுபவராதலால், வெள்ளிக்கிழமை சூரியன் மறையுமுன் படப்பிடிப்பை விட்டுப் புறப்பட்டுவிடுவார். ஜும்ஆவுக்காகக் கடையைப் பூட்டும் வேளையில், வாசலில் வந்து நிற்கும் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பிய நம் வணிகர்கள் அதன் விலையை நன்கறிவர். தொலைக்காட்சிப் படப்பிடிப்போ குறித்த நாளில் முடிந்தாக வேண்டிய தொழில். அவரது பங்கு படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 1967-இல் முதற்பருவம் முடிந்ததும் தொடரிலிருந்து அவர் விலக நேர்ந்தது. அவ்விடத்தில் பீட்டர் கிரேவ்ஸ் வந்தார், பெரும்புகழும் பெற்றார்.

ஹில் பின்னர் ஏறத்தாழப் பத்தாண்டுகள் நடிப்பையே துறந்து வாழ்ந்தார். முதுமை நெருங்குகையில் திரும்பி வந்த அவர், 1990 முதல் 2000 வரை 'லா அண்ட் ஆர்டர்' தொடரில் அரசு வழக்குரைஞர் ஆடம் ஷிஃபாக நடித்து மீண்டும் மக்கள் மனத்தில் இடம்பிடித்தார். 2016-இல் தமது 94-ஆம் வயதில் அவர் காலமானார்.