வலியறியாத விரலும் துப்பாக்கி விசையும்

காயம்பட்ட கைக்கு எந்த ரிவால்வர் பொருந்தும் என்ற கேள்வி, ஆயுத ஆர்வலர்களிடையே வெறும் நுகர்வோர் கேள்வியாகவே உலவி வருகிறது. கை நலிந்துவிட்டதா, எடை குறைந்த ஒன்றை வாங்கிக்கொள். விரல் போய்விட்டதா, பிடி சிறிய ஒன்றைத் தேடு. செருப்புக் கடையில் அளவு கேட்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. இந்த அணுகுமுறையை நாம் மறுக்கிறோம். வன்முறை தீது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் மறுப்பாக அதை யாரும் கொள்ள வேண்டாம். தன் உயிரைத் தானே காத்துக்கொள்ளும் உரிமையை 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் ஏற்றிருந்தது. 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் ஏற்கிறது. அந்த உரிமை இருக்கட்டும். கையைப் பற்றி இந்த ஆலோசகர்களுக்கு என்ன தெரியும் என்று மட்டும் நாம் கேட்கிறோம்.

முதலில் அவர்கள் தரப்பு நியாயத்தைச் சொல்லிவிடுவோம். தானியங்கிப் பிஸ்டலில் முதல் தோட்டாவை ஏற்றுவதற்கு, குழலின் மேலுள்ள உறையை ஒரு கையால் வலுவாகப் பின்னிழுக்க வேண்டும். மறு கை பிடியை இறுக்கியிருக்க வேண்டும். மணிக்கட்டு தளர்ந்திருந்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியேறாமல் சிக்கிக்கொள்ளவும் கூடும். ரிவால்வரில் இந்தத் தொல்லைகள் இல்லை. தோட்டா வெடிக்காமல் போனால் விசையை மறுபடி இழுத்தால் போதும், உருளை சுழன்று அடுத்தது வந்து நிற்கும். ஆகவே ஒரு கை பழுதானவருக்கு ரிவால்வரே ஏற்றது என்கிறார்கள். இதுவரை சரி.

சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ரிவால்வரின் விசையை ஒரே இழுப்பில் இழுத்துச் சுட வேண்டுமானால், ஆள்காட்டி விரல் வழக்கமாக 4 முதல் 5.5 கிலோ வரையிலான எதிர்ப்பை வெல்ல வேண்டும். அரை கிலோ எடையுள்ள ஒரு பொருளை அசையாமல் பிடித்துக்கொண்டே, அதன் எடையைப் போல ஏறத்தாழப் பத்து மடங்கு விசையை ஒற்றை விரலால் செலுத்துவது நலமான கைக்கே எளிதன்று. கட்டைவிரலால் சுத்தியலை முன்கூட்டியே பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டால் இந்தச் சுமை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஆனால் அதற்குக் கட்டைவிரல் வேண்டும். அத்துடன், அப்படி நிறுத்திய துப்பாக்கி சிறு நடுக்கத்திலும் வெடித்துவிடக்கூடியது. எடை குறைந்த துப்பாக்கியோ இன்னொரு விதத்தில் பழிவாங்குகிறது. அது தாங்கிக்கொள்ளாத பின்னுதைப்பை மணிக்கட்டு தாங்க வேண்டியிருக்கிறது. சுமப்பதற்கு வசதியானது சுடுவதற்குக் கொடியதாகிவிடுகிறது.

இந்த எளிய இயற்பியலை நம் நாட்டில் எவ்வளவு அலட்சியமாகக் கடந்தார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2012 டிசம்பர் 16 அன்று தில்லியில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின், 2014 ஜனவரியில் கான்பூரின் அரசுப் படைக்கலத் தொழிற்சாலை பெண்களுக்கென ஒரு ரிவால்வரை வெளியிட்டது. உயிரிழந்த பெண்ணுக்கு ஊடகங்கள் சூட்டியிருந்த பெயரின் சாயலிலேயே அதற்கு 'நிர்பீக்' என்று பெயர் வைத்தார்கள். 0.32 அங்குல விட்டம், டைட்டானியக் கலவை, 500 கிராம் எடை, விலை 1,22,360 ரூபாய். நகைப்பெட்டி போன்ற அரக்குச் சிவப்புப் பெட்டியில் வைத்துத் தந்தார்கள். கைப்பைக்கு இலகுவாக இருப்பதே அதன் பெருமையாகப் பேசப்பட்டது. பைக்குப் பொருந்துவதைப் பற்றிய பேச்சில், கைக்குப் பொருந்துவதைப் பற்றிய பேச்சு அடிபட்டுப் போயிற்று. 2023 ஆகஸ்டில், அதே நகரின் அரசு நிறுவனமொன்று ஏறத்தாழ 700 கிராம் எடையுள்ள 'பிரபல்' ரிவால்வரை வெளியிட்டது. தோட்டா உருளை பக்கவாட்டில் திறப்பது அதில் புதுமை. இவையும் இவற்றைப் போன்ற இன்னும் சிலவும்தான் நம் கடைவீதி. வெளிநாட்டுத் துப்பாக்கிகளைச் சாதாரணக் குடிமக்கள் இறக்குமதி செய்வது 1980களின் நடுவிலேயே தடைபட்டுவிட்டது. 'உங்கள் கைக்கேற்றதைத் தேர்ந்தெடுங்கள்' என்று சொல்பவர்கள், நூறு வகைகள் அடுக்கிய அமெரிக்கக் கடையின் பேச்சை நான்கு வகைகள் உள்ள கடையில் நின்று பேசுகிறார்கள்.

கையைப் பற்றிய அறிவுக்காக நாம் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில், பாகாயத்தையும் அடுக்கம்பாறையையும் தாண்டினால் கணியம்பாடி வருகிறது. இந்த வட்டாரத்துக்குக் கைகளைப் பற்றி உலகுக்கே கற்பித்த வரலாறு ஒன்று உண்டு. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தினார். விரல்கள் நிமிர்ந்தன, ஆனால் புண்கள் நிற்கவில்லை. நோய் சதையை அரிக்கிறது என்று அதுவரை நம்பியிருந்தார்கள். பிராண்டும் அவருடைய குழுவினரும் நோயாளிகளின் அன்றாட வேலையைக் கூர்ந்து பார்த்து வேறொன்றைக் கண்டார்கள். உணர்ச்சியிழந்த கை, எவ்வளவு இறுக்குகிறோம் என்று அறியாமல் இறுக்குகிறது. வலிக்காததால் விடுவதில்லை. சாவியும் சுத்தியலும் சூடான பாத்திரமும் அந்தக் கையைச் சிறிது சிறிதாகத் தின்றன. எனவே 1950களில் இங்கே மருத்துவம் அறுவைக் கூடத்துக்கு வெளியிலும் நடந்தது. கருவிகளின் பிடிகளைத் தடிப்பாக்கினார்கள். அழுத்தம் ஓரிடத்தில் குவியாமல் பரவும்படி வழவழப்பாக்கினார்கள். மாலைதோறும் கைகளைக் கண்ணால் சோதித்துப் பார்க்கப் பழக்கினார்கள். 1955இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் ஆய்வு மையமும் அதே வழியில் நடந்து, உணர்ச்சியற்ற பாதங்களுக்கு மென்ரப்பர் செருப்புகளைச் செய்தது.

தமிழில் 'வலி' என்ற ஒரே சொல் வலிமையையும் நோவையும் குறிக்கிறது. வேலூரின் மருத்துவம் அந்த இரண்டாவது பொருளில்தான் கையின் காவலைக் கண்டது. நம் ஆயுத ஆலோசகர்களோ முதற்பொருளோடு நின்றுவிடுகிறார்கள். விரலுக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்று கேட்கிறார்கள்; விரலுக்கு எவ்வளவு தெரிகிறது என்று கேட்பதில்லை. மணிக்கட்டில் நடுநரம்பு அறுபட்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். கட்டைவிரல் மற்ற விரல்களை எதிர்கொள்ளும் ஆற்றலை இழக்கிறது. ஆள்காட்டி விரலின் நுனி மரத்துப்போகிறது. விசையை இழுக்க வேண்டிய விரல் அதுவே. விசை எந்தக் கணத்தில் இடம்கொடுக்கப் போகிறது என்பதை நலமான விரல் தொடுவுணர்வால் அறிகிறது. மரத்த விரலுக்கு வெடித்த பிறகுதான் தெரியும். இருட்டில், பதற்றத்தில், அடுத்த அறையில் குழந்தை உறங்கும் வீட்டில் அந்த விரலை விசையின் மேல் வைக்கச் சொல்வது பாதுகாப்பு ஆலோசனை ஆகாது. ஒரு கருவியைக் கையில் கொடுக்குமுன் அது அந்தக் கைக்கும் சுற்றியிருப்பவர்களுக்கும் என்ன செய்யும் என்று பார்ப்பதுதான் வேலூர் கற்றுத்தந்த சோதனை. உணர்வு போன கையில் ரிவால்வர் இந்தச் சோதனையின் முதல் படியிலேயே தோற்கிறது.

அடுத்து, யாருடைய கை என்று கேட்போம். ராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை நீளும் தோல் வட்டாரத்தில் கை எப்படிக் காயப்படுகிறது? டேனரியில் சதை சீவும் இயந்திரத்தின் கத்தி உருளை, தோலைப் பிளக்கும் இயந்திரம், ஷூ கம்பெனியில் தோலை அச்சு வைத்து வெட்டும் அழுத்தி, இவற்றுக்கிடையேதான் இங்கு விரல்கள் வேலை செய்கின்றன. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 21ஆம் பிரிவில், இயந்திரத்தின் அபாயமான பகுதிகளுக்குத் தடுப்பு வேண்டும் என்று கட்டளையிட்டது. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை, போன விரல்களுக்கு விழுக்காடு எழுதியது: கட்டைவிரல் 30, ஒரு கையின் நான்கு விரல்களும் 50. இவ்விரு சட்டங்களின் இடத்திலும் இன்று 2020இல் இயற்றப்பட்ட தொகுப்புச் சட்டங்கள் இருக்கின்றன. சட்டத்தின் பெயர் மாறலாம். உருளையின் முன் நிற்கும் கை மாறவில்லை. இந்தக் கைக்குரியவரின் உயிருக்கும் விரலுக்கும் நேரும் ஆபத்துகளில் இருட்டில் பதுங்கியிருக்கும் திருடன் எத்தனையாவது இடத்தில் வருகிறான்? 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டையில் டேனரிக் கழிவுத் தொட்டி உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் மாண்டார்கள். அவர்களுடைய தலையணைக்கடியில் எந்த ரிவால்வர் இருந்திருந்தால் தப்பியிருப்பார்கள்? ஆபத்தைத் தனி மனிதனின் இடுப்பில் செருகிவிட்டு ஆலையும் அரசும் நழுவிக்கொள்வதற்கு வழிசெய்வதே இந்தத் 'தற்காப்பு'ப் பேச்சின் பயன்.

இரண்டு மறுப்புகள் எழும் என்பதை அறிவோம். இரவுப் பணி முடிந்து தனியே வீடு திரும்பும் பெண் என்ன செய்வாள் என்பது முதலாவது. மெய்யான கேள்விதான். ஆனால் தாக்குபவன் கையெட்டும் தூரத்தில் நிற்கும்போது, பைக்குள்ளிருந்து எடுத்து, இறுகப் பிடித்து, ஐந்து கிலோ விசையை இழுத்துக் குறிவைக்க அவளுக்கு எத்தனை நொடிகள் கிடைக்கும்? ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் அதற்கு மேற்பட்ட உரிமக் கட்டணங்களுக்கும் அவள் எங்கே போவாள்? 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் கேட்கும் பயிற்சிக்கு எந்த விடுப்பில் செல்வாள்? கம்பெனி வேன் அவளை வீட்டு வாசலில் இறக்கிவிட வேண்டும், தெருவிளக்கு எரிய வேண்டும், புகார் கொடுத்தால் காவல் நிலையம் எழுதிக்கொள்ள வேண்டும். இவை மூன்றும் அந்தத் துப்பாக்கியைவிட மலிவானவை. அதனாலேயே இவற்றை யாரும் நகைப்பெட்டியில் வைத்து வெளியிடுவதில்லை.

இரண்டாவது மறுப்பு கடுமையானது. உடல் பழுதானவரைப் பார்த்து 'உன்னால் முடியாது' என்று நீங்களும் சொல்கிறீர்களே என்பார்கள். இதற்கும் வேலூரிலேயே பதில் இருக்கிறது. 1954இல் நேர்ந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளில் அறுவை செய்தார்; பிறகு மறுவாழ்வு மருத்துவத்துக்கே முன்னோடியானார். 1972இல் பத்மஸ்ரீ பெற்றார். மன உறுதி மட்டும் அவரை அங்கே கொண்டுசேர்க்கவில்லை. உட்கார்ந்தபடி செய்யக்கூடியதாகக் கையறுவை இருந்தது. மேசையும் விளக்கும் உதவியாளர்களும் அவருக்கேற்ப அமைந்தார்கள். உடலை மதிப்பது என்றால் இப்படி உலகத்தை அதற்கேற்ப வளைப்பது. விற்பனைக்கு வந்த பொருளுக்கேற்ப உடலை வளைத்துவிட்டு, அதற்குத் தன்னம்பிக்கை என்று பெயர் வைப்பதை நாம் ஏற்க மாட்டோம்.

மெய்யான உயிரச்சுறுத்தலால் உரிமம் பெற்று, கையும் பழுதான சிலர் இருக்கவே செய்வார்கள். அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது சுருக்கமானது. இலகுவானதை விட்டுக் கனமானதைப் பாருங்கள். உள்ளங்கையை நிரப்பும் ரப்பர் பிடி, உதைப்புக் குறைந்த தோட்டா, பக்கவாட்டில் திறக்கும் உருளை ஆகியவை கைக்கு இணக்கமானவை. பணம் கொடுக்குமுன், வெற்றுத் துப்பாக்கியின் விசையைப் பத்து முறை தொடர்ந்து இழுத்துப் பாருங்கள். பத்தாவது இழுப்பில் குழல் நடுங்கினால் அது உங்களுக்குரியதன்று. நலமான கை இருக்குமானால் அது இடக்கையானாலும் அதற்கே பயிற்சி கொடுங்கள். விரல் மரத்திருந்தால் அந்த விரலால் எந்த விசையையும் தொடாதீர்கள். உங்கள் கையைப் பரிசோதித்த மருத்துவரை, அல்லது கைப்பயிற்சி அளித்தவரைக் கேளுங்கள். கடைக்காரர் உங்கள் நரம்புகளை அறியமாட்டார்.

கருவி கைக்குப் பொருந்த வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. அந்த விதியை ரிவால்வரோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள் என்கிறோம். சதை சீவும் இயந்திரத்துக்கும், பேருந்துப் படிக்கட்டுக்கும், ஆட்சியர் அலுவலகக் கதவின் கைப்பிடிக்கும் அதே விதியைக் கேளுங்கள். டேனரி உருளைக்குத் தடுப்பு போடாத நாடு, விரலிழந்தவனுக்குத் துப்பாக்கிப் பட்டியலை நீட்டுமானால், அந்தப் பட்டியலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தடுப்பு எங்கே என்று கேட்பதே உண்மையான தற்காப்பு.