வில்லின் நாணும் வீரனின் நாணும்

வில்லுக்கு நாண் எப்படியோ, உடலுக்குத் தசைநாண் அப்படியே. தசை சுருங்கும்போது அதன் விசையை எலும்பிடம் கொண்டு சேர்ப்பது இந்த நாண்தான். ஓடுவதும் தாண்டுவதும் பந்தெறிவதும் இதனாலேயே இயலுகின்றன. ஆயினும் பிள்ளைகளின் தசை வளர்ச்சியைக் கண்டு மகிழும் பெற்றோர் நாணைப் பற்றி எண்ணுவதில்லை. அது வலிக்கத் தொடங்கிய பின்னரே அப்படி ஒன்று இருப்பது நமக்குத் தெரிய வருகிறது.

சங்கரன்கோவில் வட்டாரத்து ஊர்களில் பொங்கலையொட்டியும் பங்குத் திருவிழாவையொட்டியும் கபடியும் கைப்பந்தும் களைகட்டும். கிழக்கே கோவில்பட்டியோ ஹாக்கிக்குப் பெயர்பெற்றது. விளையாட்டு நம் பிள்ளைகளுக்கு நலமே தரும். ஆனால், ஆண்டு முழுவதும் மைதானத்தை எட்டிப் பாராதவன், போட்டி அறிவிக்கப்பட்டதும் மூன்று வாரம் காலையும் மாலையும் ஓய்வின்றி ஓடினால், அவன் குதிகால் நாண் அதனைத் தாங்குமா?

தாங்காமைக்குக் காரணம் உண்டு. தசைக்கு இரத்த ஓட்டம் மிகுதி. ஆகவே அது விரைவில் வலுப்பெறும். நாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு. அது மெல்லவே வலுப்பெறும். கடும் பயிற்சிக்குப் பின் முதல் ஒன்று அல்லது ஒன்றரை நாள் வரை நாணிலுள்ள கொலாஜன் இழைகள் உருவாவதைவிடச் சிதைவதே மிகுதி என்று ஆய்வாளர் கண்டுள்ளனர். அதன் பின்னரே புதுப்பித்தல் மேலோங்கும். இடைவெளி தராமல் நாள்தோறும் வருத்தினால், பழுது பார்க்கப்படாத கூரைபோல் நாண் சிறிது சிறிதாக நைந்துபோகும். ஓட்டக்காரருக்குக் குதிகாலின் பின்புறமும், கைப்பந்தில் எம்பிக் குதிப்போருக்கு முழங்காற்சில்லின் கீழும், எறிவோருக்குத் தோளிலும் வலி தோன்றுவது இவ்வாறே. முன்னாளில் இதனை வெறும் அழற்சி என்றே கருதினர். நாட்பட்ட வலியில் இழைகள் ஒழுங்கு குலைந்து தரம் இழப்பதே முதன்மையானது என்பது இன்றைய தெளிவு.

புகழ்பெற்ற வீரர்களும் இதற்கு விலக்கல்லர். சச்சின் டெண்டுல்கர் 2004 ஆகஸ்டில் ‘டென்னிஸ் முழங்கை’ எனப்படும் நாண் நோயால் ஆட்டங்களிலிருந்து ஒதுங்க நேர்ந்தது. 2005 மே மாதம் இலண்டனில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். அக்டோபரில் நாகபுரியில் இலங்கைக்கு எதிராக மீண்டும் களமிறங்கி 93 ஓட்டங்கள் எடுத்தார். டிசம்பரில் தில்லியில் தம் 35ஆவது டெஸ்ட் சதத்தை அடித்தார். தேர்ந்த மருத்துவர்கள் சூழ இருந்த அவருக்கே மாதங்கள் பல தேவைப்பட்டன என்பதை, பத்தே நாளில் குணமாக வேண்டும் என்று பரபரப்போர் நினைவிற்கொள்வது நலம்.

இந்நோய் பெயரில்தான் டென்னிஸ். இதனால் வருந்துவோரில் பெரும்பாலோர் அந்த ஆட்டத்தை ஆடியவரே அல்லர். ஒரே அசைவை ஓயாமல் செய்யும் எந்தக் கைக்கும் இது வரலாம். தறியில் உழைக்கும் தந்தைக்கும், பூக்கட்டும் தாய்க்கும், மட்டை பிடிக்கும் மகனுக்கும் நாண் ஒன்றே. அதன் நியதியும் ஒன்றே.

இனி, மருந்து யாது? முதலில் பாரத்தைக் குறைக்க வேண்டும். ஆனால் முற்றிலும் படுத்துவிடலாகாது. அசையாத நாண் மேலும் வலுவிழக்கும். அளவோடு பாரம் ஏற்றுவதே அதனைத் தேற்றும் வழி. 1998இல் சுவீடன் நாட்டு மருத்துவர் ஹாக்கன் ஆல்ஃப்ரெட்சன் குதிகால் நாண் வலியால் ஓட்டத்தையே இழந்திருந்த 15 பேருக்கு ஓர் எளிய பயிற்சி அளித்தார். படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நின்று, நல்ல காலின் துணையால் எழும்பி, பின்னர் வலியுள்ள காலில் மட்டும் நின்று குதிகாலை மெல்லக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி 15 முறை வீதம் 3 சுற்று, மடக்கி 3 சுற்று, காலையும் மாலையும். பன்னிரண்டு வாரத்தில் அந்தப் பதினைவரும் மீண்டும் ஓடினர். எல்லோருக்கும் இதே பலன் கிட்டும் என்பதற்கில்லை. வலி எலும்போடு நாண் சேரும் இடத்திலேயே இருந்தால் படிமட்டத்துக்குக் கீழே குதிகாலை இறக்குதல் கூடாது. ஆகவே இயன்முறை மருத்துவரிடம் முறையாகக் கற்றுக்கொள்வதே நன்று. பயிற்சியின்போது சிறு வலி இருக்கலாம். மறுநாள் காலையில் அது மிகுந்திருந்தால் பாரத்தைக் குறைக்க வேண்டும்.

செய்யத் தகாதனவும் உண்டு. வலி மாத்திரையை விழுங்கிவிட்டு ஆட இறங்குவது, அபாயமணியின் நாவைக் கட்டிவிட்டு உறங்குவதை ஒக்கும். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்கள் சுகம் தரும். ஆனால் டென்னிஸ் முழங்கையில், மாதங்கள் கழித்துப் பார்க்கையில் ஊசி போடாதவரே மேலான நிலையில் இருந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. மருத்துவரைக் கேளாமல் கடையில் வாங்கி உண்ணும் சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் அரிதாக நாணையே அறுக்கக்கூடும் என்று 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடுமையாக எச்சரித்தது. நீரிழிவு உள்ளோருக்கும் நாண் நோய் எளிதில் வரும்.

வளரும் பிள்ளைகளின் முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலித்தால், நாண் இழுக்கும் இடத்து வளர்முனை வருந்துகிறது என்று கொள்க. பெரும்பாலும் ஆட்டத்தைக் குறைத்தாலே அது தணியும். ஆடுகையில் பின்னங்காலில் யாரோ உதைத்தாற்போல் ‘டப்’பென்று உணர்ந்து, உடனே முன்பாதத்தில் எழும்ப இயலாமற்போனால் அது நாண் அறுந்ததன் அறிகுறி. எண்ணெய் தடவி உருவிக்கொண்டிராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பெற்றோர்களே! பயிற்சியை வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டச் சொல்லுங்கள். கடும் பயிற்சிக்கு மறுநாள் ஓய்வோ இலகுவான பயிற்சியோ இருக்கட்டும். “காலை எழுந்ததும் முதல் அடி வைக்கும்போது வலிக்கிறதா?” என்று கேளுங்கள். “ஆம்” என்றால், அந்த வாரப் போட்டியை விட்டுவிடும்படி சொல்லும் துணிவு உங்களுக்கு வேண்டும். ஒரு கோப்பை போனால் அடுத்த ஆண்டு வரும். நைந்த நாண் தேற அதைவிட அதிகக் காலம் ஆகலாம்.