மாட்டேன் என்னும் சொல்

நான்கே எழுத்துக்கள். நாவுக்குச் சுமையில்லை, ஆயினும் நாட்டில் பலர்க்கு அதனைச் சொல்லும் உரிமை இல்லை. மாட்டேன்!

பெருநிலக்காரர் சொல்வார், "முடியாது, போ!" என்று. காரணம் கூறமாட்டார்; கேட்பாரும் இலர். அவரே விடியுமுன் வேலைக்கு வா என்றழைத்தால், கூலியாள் என்ன சொல்வான்? "உடம்புக்குச் சுகமில்லைங்க, ஐயா." நோய் உடம்பிலா? இல்லை, தோழர்களே! மறுத்தால் மறுநாள் வேலையில்லை என்னும் அச்சம், அவனுக்கு ஒரு நோயைக் கற்பித்துத் தருகிறது.

முதியவர் மறுத்தால் கண்டிப்பு. இளையவன் மறுத்தால் அதிகப்பிரசங்கித்தனம். ஆண் மறுத்தால் உறுதி; பெண் மறுத்தாலோ திமிர்! ஆகவேதான் அவள், "அவரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்கிறாள். தன் மறுப்பை ஒளித்துவைக்க அவளுக்கு ஓர் ஆடவன் பெயர் தேவைப்படுகிறது.

நான் மட்டும் விலக்கா? பட்டம் பெற்றவன், பகுத்தறிவு பேசுகிறவன். நிர்வாகி வீட்டுத் திருமணத்துக்கு ஆசிரியர் ஒவ்வொருவரும் 500 ரூபாய் தரவேண்டும் என்றபோது, "அடுத்த மாதம் தருகிறேன், ஐயா" என்றேன். மறுப்பென்று எண்ணிச் சொன்னேன். கடனென்று எண்ணி வசூலித்துக்கொண்டார்கள்!

என் பணம் போயிற்று, போகட்டும். என் வகுப்பு மாணவி ஒருத்தியின் வாழ்வல்லவா போகப் பார்த்தது! பத்தாம் வகுப்பு, வயது 15. திருமணப் பேச்சென்று கேள்வியுற்று அவள் வீட்டுக்குச் சென்றேன். தந்தை சொன்னார்: "வேண்டாமென்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே, சார். 'பரீட்சை முடியட்டும்' என்றாள், அவ்வளவுதான். மௌனம் சம்மதந்தானே?"

மௌனம் சம்மதமாம்! எவர் மௌனம்? முதலாளி பேசாதிருந்தால் கூலி உயர்ந்துவிட்டதென்று தொழிலாளி கொள்கிறானா? மேலதிகாரி வாய்திறவாதிருந்தால் விடுப்புக் கிடைத்ததென்று எழுத்தர் வீட்டுக்குப் போகிறாரா? பெண் வாய்மூடி நின்றால் மட்டும் பந்தற்கால் நட்டுவிடுவதோ!

எதிர்த்துப் போராடவில்லை என்பதொன்றாலேயே பெண் இணங்கினாள் என்று கொள்ளலாகாது என, பாலியல் வன்கொடுமை பற்றிய சட்டப்பிரிவு 2013இல் திருத்தப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் அதையே சொல்கிறது. ஆனால், 18 வயது நிரம்பிய மனைவியிடம் கணவன் நடந்துகொள்வதை அதே பிரிவு குற்றமாகக் கருதுவதில்லை! தாலி ஏறியபின் அவள் 'மாட்டேன்' என்பதைக் கேட்க அந்தச் சட்டத்துக்குக் காது இல்லை. 15 வயதுச் சிறுமி 'சரி' என்றே சொல்லியிருந்தாலும், 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் முன் அது குற்றத்தை மறைக்காது. இதைத் தந்தைக்கு விளக்கினேன்.

"அவள் மறுத்துவிட்டாள், ஐயா. பரீட்சை முடியட்டும் என்றாளே, அதுதான் அவள் மறுப்பு" என்றேன்.

அவர் கதவுப் பக்கம் திரும்பினார். "அப்படியா, கண்ணு?"

"வேண்டாம், அப்பா" என்றது மறைவிலிருந்து ஒரு குரல்.

அவர் பதில் கூறவில்லை. திங்கட்கிழமை அவள் வகுப்புக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டாருக்கு இன்னும் முடிவு சொல்லவில்லையாம். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணை அவள் குறிப்பேட்டின் பின்னட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.