யாருடைய அளவுகோல்?

பரீட்சை மட்டும் போதாதாம். அறிவியலும் சமூகமும் பற்றி மாணவர்கள் விவாதிக்க வேண்டுமாம். அதைப் பார்த்து மார்க் போடுவார்களாம். தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் பல பாடங்களுக்கு 100க்கு 25 மார்க் ஆசிரியர் கையில்தான் இருக்கிறது. விவாதத்துக்கும் அதில்தான் பங்கு.

கேட்க நல்லாத்தான் இருக்கு. மனப்பாடம் ஒழியட்டும் என்பதில் நமக்கும் மறுப்பில்லை. ஆனால் மார்க் எதுக்கு?

பல்கலைக்கழகத் தேர்வில் விடைத்தாளுக்கு முகம் கிடையாது, எண்தான். விவாதத்தில் முகம் தெரியும், ஊர் தெரியும், பேச்சில் சேரி தெரியும். கான்வென்ட் இங்கிலீசுக்குத் தன்னம்பிக்கை என்று பெயர். நம்ம புள்ளயோட தயக்கத்துக்குத் தயாரிப்பில்லை என்று பெயர். டெல்லி எய்ம்ஸில் சாதிப் பாகுபாட்டை விசாரித்த சுகதேவ் தோரட் குழுவின் 2007 அறிக்கையைப் புரட்டிப் பாருங்கள். வாய்மொழித் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் நியாயமில்லை என்று தலித், பழங்குடி மாணவர்கள் சொன்னது பதிவாகியிருக்கிறது. முகம் பார்த்து மார்க் போடும் இடத்தில் சாதி நாற்காலி போட்டு உட்காரும்.

தலைப்புகளைப் பாருங்கள். மரபணுப் பயிர், அணு உலை, செயற்கை நுண்ணறிவு. எல்லாம் சரி, மலக்குழி எங்கே? 2014ல் மங்கள்யான் செவ்வாயை எட்டியது. அதே 2014ல்தான் உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடையிலும் மலக்குழியிலும் செத்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் கொடுக்கச் சொன்னது. 2023ல் அதை 30 லட்சமாக்கியது. 1993ல் ஒரு சட்டம், 2013ல் ஒரு சட்டம். இன்னும் மனுசன் இறங்குறான். ஹைட்ரஜன் சல்பைடு எப்படி மூச்சை நிறுத்துகிறது என்பது வேதியியல். யாரை இறக்குகிறார்கள் என்பது சமூகம். இதைவிட வேறென்ன தலைப்பு வேணும்?

சரி, தலைப்பு கொடுத்துவிட்டார்கள் என்றே வைப்போம். சீட்டுக் குலுக்கி, இயந்திரம் வேண்டாம் என்ற கட்சியைத் துப்புரவுத் தொழிலாளி மகளுக்குக் கொடுப்பார்கள். அப்பன் உயிருக்கு எதிராக அவள் நாலு நிமிசம் பேசணும், சிரிச்ச முகத்தோட. கோபப்பட்டால் உணர்ச்சிவசப்படுகிறாள் என்று மார்க் குறையும். அதே சாவை இன்னொருத்தன் புள்ளிவிவரமாகச் சொன்னால் ஆய்வு நோக்கு என்று மார்க் ஏறும்.

விவாதமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மேடை மறுக்கப்பட்டவர்கள் மேடையை வேண்டாமென்பார்களா? எதுக்கு எத்தனை மார்க் என்று முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள். தமிழில் பேசினால் மார்க் குறையாது என்றும் அதில் எழுதுங்கள். குரலுக்கும் உடைக்கும் மார்க் வேண்டாம். ஆதாரத்துக்கும் எதிர்க்கட்சிக்குச் சொன்ன பதிலுக்கும் போடுங்கள். பேச்சோடு எழுத்தும் வாங்குங்கள். பெயரை மறைத்து இன்னொரு ஆசிரியர் திருத்தட்டும். எந்தப் பக்கம் பேசுவது என்பதை மாணவரே முடிவு செய்யட்டும்.

இதுக்குப் பெரிசாகச் செலவில்லை. மனசுதான் வரணும். அது தானாக வராது. மாணவத் தோழர்களே, அடுத்த விவாதத்துக்குப் பெயர் கொடுக்குமுன் அளவுகோலைக் காட்டச் சொல்லுங்கள். தனியாக எழுந்து கேட்டால் திமிர் என்பார்கள். வகுப்பே சேர்ந்து கேளுங்கள்.