உறுதியான சிறு தொகை

சென்ற மாதம் நமது சங்கக் கூட்டம் முடிந்து காப்பி அருந்திக்கொண்டிருந்த வேளையில் மூத்த அன்பர் ஒருவர் நம்மிடம் வினவினார்: "அனைவர்க்கும் அடிப்படை வருமானம் என்கிறார்களே, மாதந்தோறும் சும்மா பணம் கொடுத்தால் அப்புறம் வேலைக்கு வருகிறவன் யார், ஐயா?" சூழ இருந்தோர் பலரும் தலையசைத்தனர். அன்று நாம் விடை கூறவில்லை. இம்மாதப் பகுதியை அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

நம் தந்தையார் கலியாண வீடுகளில் சமைப்பவர். ஆடியும் மார்கழியும் வந்தால் முகூர்த்தம் இராது. அண்டாவும் அன்னையின் தோடும் அடகுக் கடைக்குச் செல்லும். பஞ்ச காலத்தில் முன்பணம் தந்தவர் சொன்ன கூலிக்கே அடுத்த முகூர்த்தத்தில் உழைத்தாக வேண்டும். நாம் ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, மாதம் தவறாமல் ஒரு சிறு தொகை அனுப்பத் தொடங்கினோம். தந்தையார் படுத்துறங்கிவிடவில்லை. முன்பணம் வாங்குவதை நிறுத்தினார். தம் கூலியைத் தாமே பேசினார். முகூர்த்தமில்லா நாட்களில் முறுக்கும் அதிரசமும் செய்து விற்றார்.

இஃது ஒரு வீட்டுக் கதை என்று தள்ளிவிடலாம். ஆனால் நாம் குடியேறி வாழும் இம்மத்தியப் பிரதேசத்திலேயே இது சோதித்துப் பார்க்கப்பட்டுள்ளது. 2011ஆம் ஆண்டு முதல் ஓராண்டுக்கும் மேலாக, சேவா என்னும் சுயதொழில் மகளிர் சங்கம், யுனிசெப் நிதியுதவியுடன், எட்டுக் கிராமங்களில் ஒவ்வொருவருக்கும் நிபந்தனையின்றி மாதத் தொகை அளித்தது. பெரியவர்க்கு முதலில் 200 ரூபாய், பின்னர் 300. சிறுவர்க்கு 100, பின்னர் 150. சிறுவர் தொகை தாயின் கையில் சேர்ந்தது. பழங்குடியினர் கிராமம் ஒன்றிலும் இவ்வாறே செய்தனர். தொகை பெறாத கிராமங்களோடு ஒப்பிட்டும் பார்த்தனர்.

விளைவு யாது? சாராயச் செலவு பெருகியதாகத் தெரியவில்லை. குழந்தைகளின் உடல் எடை தேறியது, பள்ளி செல்வது மிகுந்தது, கடன் குறைந்தது. உழைப்பும் குறையவில்லை. பிறர் வயலில் கூலிக்குச் சென்றோர் பலர் தம் சொந்த நிலத்தையும் ஆடுமாடுகளையும் கவனிக்கலாயினர். நம் தந்தையாரின் முறுக்கு வியாபாரம் நினைவிற்கு வருகிறதல்லவா?

எனினும் சில கிராமங்களின் அனுபவத்தைக் கொண்டு நாடு முழுமைக்கும் தீர்ப்பளித்துவிட இயலாது. 2016-17ஆம் ஆண்டின் பொருளாதார ஆய்வறிக்கை இதனை விரிவாக ஆராய்ந்தது. ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 7,620 ரூபாய் வீதம் மக்களில் முக்கால் பங்கினர்க்கு வழங்கினால், நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் ஏறத்தாழ 4.9 சதவீதம் செலவாகும் என்று அது கணக்கிட்டது. இது சிறு தொகையன்று. அதற்காக ரேஷன் அரிசியை நிறுத்திவிடுவார்களோ என்று ஏழைகள் அஞ்சுவதும் நியாயமே. விலைவாசி ஏறும்போது அரிசி அரிசியாகவே இருக்கும்; ரூபாய் சுருங்கிவிடும். ஆகையால் நமக்குப் பஞ்சப்படி உயர்வதுபோல் அத்தொகையும் உயர வேண்டும். அஃதின்றேல் பயன் இல்லை.

நம் போன்ற குடியேறிய குடும்பங்களுக்கு இதில் இன்னொரு கருத்தும் உண்டு. தமிழகத்தில் 2023 செப்டம்பர் 15 அன்று மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, அங்குள்ள குடும்ப அட்டையைச் சார்ந்தது. பிழைப்புக்காக எல்லை தாண்டிக் குடியேறியவர்க்கு அது எட்டாது. அனைவர்க்கும் உரியதென்றால், ஆளோடு தொகையும் ரயிலேறி வரும்.

மூத்த அன்பருக்கு ஒரு வார்த்தை. நீங்களும் நாமும் ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்தே சம்பளம் பெற்றோம். அதனால் திங்கட்கிழமை வேலைக்கு வராமலா இருந்தோம்? உறுதியான வருமானம் நம்மைச் சோம்பேறியாக்கவில்லை. வட்டிக்காரனிடம் தலைகுனியாமல் காத்தது. நமக்கு நன்மை செய்த ஒன்று, நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மாளுக்கு மட்டும் எங்ஙனம் தீமையாகும்? அடுத்த கூட்டத்தில், காப்பி வேளையில், தங்கள் மறுமொழியை எதிர்நோக்குகின்றோம்.